செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வரப்பும் கரம்பும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எடையன்சாவடி, சடையன்குப்பம், கடப்பாக்கம் எல்லாம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. பெயரளவில் பட்டணம். ஆனாலும் அங்கங்கே கழனி மிச்சமிருக்கிறது. மீஞ்சூர் தாண்டினால் சம்பா நடவே பார்க்கலாம். ஒரு கழனிக்கு அடுத்தது சவுடு கொட்டி மேடாக்கிய மனை, அதற்கடுத்தது கன்டெய்னர் யார்டு என்று நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இங்கே காட்டுயிர் வாழ்வது வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் கரம்பிலும் தாங்கல் (சிற்றேரி) ஓரத்திலும்தான். பத்திரத்தில் விலை பேசும்போது இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சங்கத்தின் இந்த ஆண்டு வேலை முழுவதும் அந்தக் கீற்றுகளில்தான் நடந்தது.

முதலில் பறவைத் தாங்கிகள், அதாவது பூச்சி பிடிக்கும் பறவைகள் உட்காரக் கழனியில் நடும் குச்சிகள். ஹெக்டேருக்கு 40 முதல் 50, அதாவது ஏக்கருக்கு 16 முதல் 20 என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. சவுக்குக் குச்சியை ஒன்றரை அடி ஆழம் இறக்கி, பயிருக்கு மேல் ஓர் அடி நிற்கும்படி வைத்து, உச்சியில் குறுக்குக் குச்சி கட்டினால் போதும். சேற்றில் அரையடி மட்டும் குத்தியவை முதல் காற்றிலேயே சாய்ந்தன. சாய்ந்த குச்சியில் கரிச்சான் உட்காராது. நன்றாக நின்றவற்றில் கரிச்சானும் பனங்காடையும் உட்கார்ந்து வெட்டுக்கிளியையும் தண்டு துளைப்பான் அந்துப்பூச்சியையும் பிடித்தன. இரண்டு தவறுகளை இனி யாரும் செய்ய வேண்டாம். கதிர் பால் பிடித்ததும் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் அதே குச்சி சில்லைக்கும் கிளிக்கும் இருக்கையாகிவிடும். அடுத்தது, தாங்கி நட்ட கழனியில் மருந்து அடிப்பது. மயங்கி விழும் பூச்சியைத்தான் பறவை முதலில் கொத்தும். பறவையை விருந்துக்கு அழைத்து விஷம் வைப்பதற்கு அதுவே சமம்.

கூகைக் கூண்டு விஷயத்தில் நாம் தோற்றோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கூண்டின் கணக்கு சரிதான்: பிளைவுட் பலகை, வாசல் 15 செ.மீ. அகலம், அடியில் மரத்தூள், நீர் வடியச் சிறு துளைகள், தரையிலிருந்து 12 அடிக்குக் குறையாத உயரம். வைத்த இடம்தான் தவறு. ஏணி வைக்கச் சௌகரியம் என்று சாலையோரக் கம்பங்களில் மாட்டினோம். சாலையோரப் புல்லில் எலி அதிகம். கூகை தரையை ஒட்டித் தாழப் பறந்து எலி பிடிக்கும். அந்த நேரத்தில்தான் கன்டெய்னர் லாரிகளும் ஓடுகின்றன. இனிமேல் பெரிய சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது உள்ளே தள்ளித்தான் கூண்டு. வாசல் வடகிழக்கைப் பார்த்தால் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே அடிக்கும். மேற்கைப் பார்த்தால் பிற்பகல் வெயிலில் குஞ்சு வெந்துவிடும். தெற்கு நோக்கி மாட்டுங்கள். தகரக் கூண்டு நம் ஊர் வெயிலுக்கு ஆகவே ஆகாது. கூண்டு இருக்கும் கழனியில் எலி மருந்து வைப்பதும் நிற்க வேண்டும், ஏனென்றால் மருந்து தின்று தள்ளாடும் எலிதான் கூகைக்குச் சுலபமாகச் சிக்கும். கிட்டி (எலிப்பொறி) வைக்கலாம். கூகை கூவினால் வீட்டில் சாவு என்கிற பேச்சு ஒருபக்கம் இன்னும் ஓயவில்லை.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் தின்றது வலைவேலி. காசிமேட்டில் பழைய மீன்வலை மலிவாகக் கிடைப்பதால் கீரைத் தோட்டம் போடுகிறவர்கள் அதையே சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். கோழியும் ஆடும் நிற்கும், உண்மைதான். சாரைப்பாம்பும் நின்றுவிடுகிறது. தலை நுழைந்த கண்ணியில் உடம்பின் நடுப்பகுதி நுழையாது. செதில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பின்வாங்கவும் முடியாது. முன்னே தள்ளத் தள்ள நைலான் இழை செதிலுக்கு அடியில் இறங்கி, மேலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குச் சதையில் புதைந்துவிடும். பிடித்து இழுத்தால் தோல் உரியும். பாம்பைக் கையாள நமக்கு அனுமதி கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புக்கும் பொருந்தும். வனத்துறைக்குச் சொல்லுங்கள், அல்லது தீயணைப்புத் துறைக்கு (101). அவர்கள் வரும்வரை நாம் செய்யக்கூடியது, தள்ளி நின்று ஒரு குச்சியால் மேலே ஓலையைச் சாய்த்து நிழல் கொடுப்பது மட்டும்தான். கண்ணாடி விரியனும் வலையில் சிக்கும் என்பதால் ‘சாரைதானே’ என்று யாரும் கிட்டே போக வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால் கீறாமல், கட்டுப்போடாமல், நேராக அரசு மருத்துவமனைக்கு.

இதற்கு நாம் கண்ட தீர்வு எளிது. அடியில் ஓர் அடி உயரத்துக்குப் பனைமட்டையை நெருக்கி நட்டு, வலையை அதற்கு மேலிருந்து கட்டுவது. கோழி நுழையாது; பாம்பு மட்டைச் சந்து வழியே போய்விடும். வலையைச் சொந்தமாக வாங்கியவர் அதைக் கழற்ற ஒப்பமாட்டார், மட்டை நடச் சொன்னால் ஒப்புகிறார்.

பனை என்றதும் நடவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். தூக்கணாங்குருவிக்கும் பனை உழவாரனுக்கும் இந்தப் பக்கம் பனையை விட்டால் வேறு உருப்படியான இடமில்லை. ஆட்சியர் அனுமதியில்லாமல் பனை வெட்டக் கூடாது என்று 2021இலேயே அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மனை போடும்போது வேரருகே சவுடைக் குவித்து, மரம் தானாகப் பட்டதாகக் காட்டுகிறார்கள். நாம் தாங்கல் கரையில் பத்தடிக்கு ஒன்றாக, அரையடி ஆழத்தில் கொட்டை ஊன்றினோம். செப்டம்பரில் ஊன்றியது பொங்கலுக்குக் கிழங்காகிவிடும். இடம் தெரிந்தவர்கள் தோண்டாமல் விடுவார்களா? அதனால் குழிக்கு இரண்டு கொட்டை: தோண்டுகிறவருக்கு ஒன்று, குருவிக்கு ஒன்று. முளை மண்ணுக்கு மேல் தெரிவதற்குள் ஜேசிபி கரையைச் சுரண்டிவிடுவதும் நடக்கிறது. குழிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று அவசியம்.

அறுவடை பற்றி. பெல்ட் மிஷின் கழனியைச் சுற்றிச் சுற்றி வெளியிலிருந்து உள்ளே அறுத்து வரும். கானாங்கோழிக் குஞ்சும் காடையும் நடுவுக்கு ஒதுங்கி, கடைசிப் பட்டையில் மாட்டிக்கொள்ளும். ரோட்டுப் பக்கம் தொடங்கி, கால்வாய்ப் பக்கம் முடிக்கும்படி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாடகை மணிக்கணக்கு என்பதால் முணுமுணுப்பார். திருப்பும் நேரம்தான் கூடுதல், அந்தக் கூலியைச் சங்கமே கொடுத்தது. கரம்பைக் கொளுத்துவதற்கு முன்பும் ஒரு மாலை பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்து மரத்தில் தங்காது. முழங்கால் உயரப் புல்லுக்குள் தரையில்தான் உறங்கும். பொழுது சாயும்போது தாழ்வாக வட்டமிட்டு இறங்கினால், அந்தக் கரம்பைப் பங்குனி முடியும்வரை தொடாதீர்கள்.

நீர் பற்றி ஒரு வார்த்தை. மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியிருப்பது தெரிந்த கதை. போர் தண்ணீரின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் விழும். அதுவரை காத்திருக்க வேண்டாம், வரப்போரத்தில் தலைப்பிரட்டை குறைகிறதா என்று பாருங்கள். மழை நீரைத் தாங்கலில் நிறுத்தி, கோடைப் பாசனத்தில் கலந்து விடுவதுதான் இப்போதைக்கு வழி. மதகுப் பலகை பழுது குறித்துக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கொட்டை பொறுக்கும் வேலை ஆவணி கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு. பழம் பிசுபிசுக்கும், ஆளுக்கு ஒரு சாக்கும் பழைய துணியும் கொண்டுவரவும்.