வைக்கோலைக் கொளுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

காலபோக (மாரிகால நெல்) அருவிவெட்டு முடிந்த கையோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களில் வைக்கோலுக்குத் தீ வைப்பதைப் பார்க்க மனம் பதைக்கிறது. வைக்கோலிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போகிறது. மேல்மண்ணில் வைக்கோலை மக்கவைத்துப் பயிருக்கு ஊட்டும் பக்டீரியாவும் பூஞ்சையும் வெந்துபோகின்றன. 2021இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட்டோமா?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைக்கோலை உழுது புரட்டிய உடனேயே தண்ணீர் கட்டினால், காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மீதேனாக்கிவிடும். இருபது ஆண்டுக் கணக்கில், அவ்வாயு கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு புவியைச் சூடாக்குவது. ஆகவே ஈரம் குறைந்த மண்ணில் முன்கூட்டியே மக்கவிட வேண்டும், அல்லது கூட்டெருவாக்க வேண்டும். சிறுபோகத்தில் (கோடைகால நெல்) நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்றிமீற்றர் இறங்கியபின் மீண்டும் பாய்ச்சினால் மீதேன் கணிசமாகக் குறையும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் மிஞ்சும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

நெல்லுக்குப்பின் பயறு, கௌபி போட்டால் அவற்றின் வேர்முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற பக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தரும். இவற்றை விதைப்புக்கு முந்திய கூட்டங்களிலேயே கமநல சேவை நிலையங்கள் கமக்காரருக்கு விளக்க வேண்டும்.

கமக்காரர் ஒருவர்,
பரந்தன்.