பதிவேட்டில் மேய்ச்சல், தரையில் முள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கோடையிலும் மாட்டுத் தீவனத் தட்டுப்பாடு பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. நல்ல மழை ஒன்று பெய்ததும் அது நின்றுபோகிறது. சென்ற வாரம் வந்த செய்தியின் கடைசியில், சும்மா கிடக்கும் அரசு நிலங்களில் தீவனப்புல் வளர்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. எழுதியவருக்கு அது ஒரு வரி. எனக்கு அது பாதி வாழ்க்கை.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டில் இரண்டு கறவை மாடுகள். ஒன்று ஜெர்சிக் கலப்பு, இன்னொன்று நாட்டு மாடு. பால் கறப்பதும் சங்கத்தில் ஊற்றுவதும் என் மனைவி. வைக்கோல் தேடி அலைவது நான். அறுவடை சமயத்தில் ஒரு கட்டு 90 ரூபாய்க்கு வாங்கிய வைக்கோல், சித்திரையில் 220 ஆகிவிட்டது. அந்த விலைக்கும் நேரில் போய் நின்றால்தான் கிடைத்தது.

வைக்கோல் எங்கே போனது என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். முன்பு ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்து, போர் போடுவோம். தாள் முழுசாக வீட்டுக்கு வரும். இப்போது மிஷின் அறுப்பு. அடிக்கட்டையை வயலிலேயே நிறுத்திவிட்டு, மேல் தாளை நொறுக்கிப் போட்டுவிட்டுப் போகிறது. அதைச் சுருட்டிக் கட்ட இன்னொரு மிஷின் வருகிறது. கட்டி முடித்த சாயங்காலமே வரப்போரம் லாரி நிற்கிறது. நடுவில் ஒரு தூறல் விழுந்தால் தாள் கறுத்துவிடும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2012-ல் சுமார் 88 லட்சமாக இருந்த மாடுகள் 2019-ல் 95 லட்சத்தைத் தாண்டின. வாய் கூடியது, தாள் குறைந்தது.

இனி நிலத்துக்கு வருகிறேன். எந்தக் கிராமத்திலும் நிலங்களைப் பட்டியலிடும் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி, தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று புல எண் வாரியாகப் பரப்பு இருக்கும். நான் கடைசியாக வேலை பார்த்த கிராமத்தில் மேய்ச்சல் என்று எழுதியிருந்தது 11 ஏக்கர் 40 செண்ட். நேரில் போனால் சீமைக் கருவேலம். நடுவில் ஒற்றையடிப் பாதை, அதன் இரண்டு பக்கமும் குப்பை. மாடு உள்ளே போனால் காலில் முள்ளோடு வெளியே வரும். ஆனாலும் ஒவ்வொரு பசலியும், அதாவது ஒவ்வொரு வருவாய் ஆண்டும், அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கில் அந்த நிலத்தை அப்படியே காட்டி நான்தான் கையெழுத்துப் போட்டேன். இதைச் சொன்னபோது என் மனைவி, “உங்க ரிஜிஸ்டர மாடு தின்னுமா?” என்று கேட்டாள்.

மேய்ச்சல் நிலம் குறைந்ததற்கு ஆக்கிரமிப்பாளர்களை மட்டும் குறை சொல்வது வழக்கம். நாங்களும் குறைத்தோம். அலுவலகம் கட்ட வேண்டும், தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும், வீட்டுமனை கொடுக்க வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது மேய்ச்சல்தான், அதற்கு வாய் கிடையாதே. வகைப்பாட்டை மாற்றும்போது அதே பரப்புக்கு மாற்று நிலம் காட்டச் சொல்வார்கள். காட்டுவோம். பெரும்பாலும் அது பாறையாக இருக்கும். 2011 ஜனவரியில் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதன் நகல் எங்கள் கைக்கும் வந்தது. கோப்பில் சேர்த்தோம்.

அரசு நிலத்தில் புல் வளர்ப்பது புது யோசனையும் அல்ல. மதுரை அவனியாபுரத்தில் மாநகராட்சியின் கழிவுநீர்ப் பண்ணையில் வளர்ந்த புல் நகரத்து மாடுகளுக்குப் போனது. 1981-ல் சுவீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊர்ப் பொது நிலங்களிலும் ஏரிகளிலும் மரம் வைத்தார்கள். என் அனுபவத்தில் ஒரு நிலத்தில் எதை விதைக்கிறோம் என்பதைவிட, விளைந்ததை யார் அறுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. இதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதில் என் பங்கும் உண்டு.

2000-களின் தொடக்கத்தில் நான் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்தில் 7 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை முள் நீக்கி, கம்பி வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் விதைத்து, ஓரமாகச் சூபாபுல் என்ற தீவன மரத்தை நட்டார்கள். நிலம் உகந்தது என்று அறிக்கை எழுதியது நான். ஐப்பசி மழைக்குப் புல் இடுப்பளவு நின்றது. பார்க்க வராத அதிகாரி இல்லை. பிறகு, வருமானம் காட்ட வேண்டும் என்று புல் மகசூலை ஏலம் விட்டார்கள். ஊரில் டிராக்டர் வைத்திருந்த ஒருவர் எடுத்தார். புல் அறுபட்டது, வண்டி ஏறியது, டவுனில் இருக்கும் பெரிய மாட்டுக் கொட்டகைகளுக்குப் போனது. ஊர் மாடுகள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தன. மூன்றாம் வருடம் அதில் இரண்டு ஏக்கரில் மணிலா (நிலக்கடலை) போட்டார். ஆக்கிரமிப்புக்கான பி-மெமோ என்ற நோட்டீசை நான் கொடுத்தேன், அபராதம் கட்டினார். அடுத்த வருடமும் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே கட்டினார். சில வருடம் கழித்து அவர் கொடுத்த பட்டா மனுவில், அனுபவத்துக்குச் சான்றாக இணைத்திருந்தவை என் பி-மெமோ ரசீதுகள்!

அதனால்தான் சொல்கிறேன், நிலத்தைக் குத்தகைக்கும் விடாதீர்கள், ஏலத்துக்கும் விடாதீர்கள். புல்லை மட்டும் கொடுங்கள். இதற்கு முன்மாதிரி வருவாய்த் துறையிலேயே இருக்கிறது. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க 2-சி பட்டா என்று ஒன்று கொடுப்பது உண்டு. புளியங்காய் அவருக்கு, நிலம் சர்க்காருக்கு. மரத்துக்குச் செய்ததைப் புல்லுக்குச் செய்ய ஏன் முடியாது? அந்த உரிமையை ஊரில் இருக்கும் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு, பசலிக்குப் பசலி, ஜூலை முதல் ஜூன் வரை கொடுக்கலாம். சங்கத்தில் யார் எத்தனை மாடு வைத்திருக்கிறார்கள், யார் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்ற கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. மாட்டுக்கு இத்தனை கட்டு, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் மூன்று மாட்டுக்குத்தான் என்று வைத்தால், பத்து மாடு வைத்திருப்பவர் முனகுவார், முனகட்டும். சங்கம் இல்லாத ஊரில் மகளிர் குழு இருக்கிறது.

கிணறு வேண்டாம், போர்வெல் வேண்டவே வேண்டாம். 31 வருடத்தில் கற்ற பாடம் இது. போர்வெல் வந்தால் மோட்டார்க் கொட்டகை வரும், கொட்டகை வந்தால் மின் இணைப்பு வரும், இணைப்பு அட்டை கைக்கு வந்த மறுநாள் பட்டா மனு வரும்.

தண்ணீர் இல்லாமல் என்ன விளையும் என்று கேட்பது நியாயம். எல்லாரும் சொல்லும் கோ-4 கம்பு நேப்பியர் புல் ஹெக்டேருக்கு வருடம் 380 டன் தரும் என்கிறார்கள். அது இறைத்து, உரம் போட்டு, 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கும் கணக்கு. என் வீட்டுக் கிணற்றடியில் 10 செண்டில் போட்டிருக்கிறேன். குளித்த தண்ணீரும் கழுவின தண்ணீரும் போவதால் நன்றாகவே வருகிறது. புறம்போக்கில் அது காயும். மானாவாரிக்கு ஏற்றது கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனமும். கொங்குப் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் நம்பித்தான் காங்கேயம் மாடு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. கொழுக்கட்டைப் புல் ஹெக்டேருக்கு 40 டன் வரை வரும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. எங்கள் மண்ணுக்குப் பாதியாக 20 டன் என்றே வைக்கிறேன். 11 ஏக்கர் 40 செண்ட் என்பது 4.6 ஹெக்டேர், மொத்தம் 92 டன். கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 20, 25 கிலோ பசும்புல் வேண்டும். வருடம் முழுக்கப் போட்டால் 12 மாட்டுக்கே சரியாகிவிடும். எங்கள் ஊரில் மாடு முந்நூறுக்கு மேல்.

இந்தக் கணக்கைப் பார்த்து, இதற்கா இவ்வளவு என்று கோப்பை மூடிவிடக் கூடாது. மழைக்காலம் நான்கு மாதம், மாட்டுக்குப் பத்துப் பத்துக் கிலோ என்று பிரித்தால் 76 மாட்டுக்கு வருகிறது. அந்த நான்கு மாதமும் அந்த வீடுகளில் வைக்கோல் போரில் பாதிக்குமேல் கை வைக்க வேண்டியதில்லை. மிச்சமான வைக்கோல் சித்திரைக்குக் கிடக்கும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்: கார்த்திகையில் தின்னும் புல் பங்குனியில் வைக்கோலாகத் திரும்பி வருகிறது. அந்த மாதத்தில்தான் கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார்கள். 2017 வறட்சியில் மானிய விலைத் தீவனக் கிடங்கு திறந்தபோது, வைக்கோலுக்குச் சான்று கேட்டு என் வீட்டு வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் இரண்டு மாடுகூட இல்லாதவர்கள்.

முள்ளை எடுக்கும் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் சீமைக் கருவேல விறகை விலை கொடுத்து எடுப்பார்கள். வேரோடு பிடுங்கும் செலவில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். வெட்டிவிட்டு அப்படியே விடுவதுதான் தப்பு. அதன் காயைத் தின்ற ஆடும் மாடும் சாணியோடு விதையையும் போட்டுக்கொண்டே போகின்றன. ஆடியில் முள்ளை எடுத்தால் ஆவணி, புரட்டாசியில் புல் விதை விழுந்தாக வேண்டும். இல்லையென்றால் இரண்டே வருடத்தில் பழைய காடு.

இதில் என்னைத் தூங்கவிடாத கேள்வி ஆடுகளைப் பற்றியது. மேலே சொன்ன 7 ஏக்கருக்கு வேலி போட்ட நாளில் ஓர் ஆயா என்னிடம் வந்து, “வேலி போட்டுட்டீங்க, சரி. எங்க ஆட்ட எங்க சார் ஓட்டறது? உங்க ஆபீசுக்கா?” என்றார். அவருக்குச் சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது, பதினைந்து வெள்ளாடு இருந்தது. பால் சங்கத்தில் அவருக்குப் பெயரும் கிடையாது. பொது நிலம் என்று நாம் பேசும்போது அதை அன்றாடம் உபயோகித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று சொல்வேன்: மூன்றில் ஒரு பங்கைத் திறந்தே விடுங்கள், மீதியிலும் கடைசி அறுப்பு முடிந்த தை மாதத்துக்குப் பிறகு ஆடுகளை விடுங்கள். கம்பிக்குப் பதில் கிளுவை நட்டு, இரண்டு இடத்தில் படல் வைத்தால் போதும். கிளுவைத் தழையை ஆடும் தின்னும்.

ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் உள்வாயையும் ஓடையையும் இதில் சேர்க்கக் கூடாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. புல்லுக்கு என்று உள்ளே போனால் பின்னாலேயே நெல்லும் போகும். அதேபோல, ஆர்வத்தில் யாராவது சோளம் விதைத்துவிடக் கூடாது. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளம் விஷம். வேலி தாண்டிக் கடித்த மாடு வயிறு உப்பி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு கிராமத்தின் மேய்ச்சல், தரிசு நிலங்களின் புல எண்ணையும் பரப்பையும், அதில் இன்று என்ன நிற்கிறது என்பதையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கட்டும். மே 1-ல் கூடும் கிராம சபையில் அதைப் படிக்கட்டும். இருக்கிறது என்றே தெரியாத நிலத்தை யார் கேட்பார்கள்?

என் ஊர் நிலத்துக்கு நானே மனு எழுதி வைத்திருக்கிறேன். வருவாய்த் துறை ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைப் பார்க்கும் ஜமாபந்தி வருகிறது, அதில் கொடுப்பேன். பால் சங்க உறுப்பினர்கள் 41 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆடு மேய்க்கும் ஆறு பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். இப்போதிருக்கும் கிராம நிர்வாக அலுவலர் இளம்பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது நீங்க இருந்தப்பவே செஞ்சிருக்கலாமே?” என்றார். ஆமாம் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
திருவண்ணாமலை மாவட்டம்.