தேசிய உதைபந்தாட்ட அரங்கில் மலையகத்துக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

1995இல் இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0 என வென்று இலங்கை தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில், ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருப்பதால் பார்வையாளர்கள் தொலைவிலேயே அமர நேர்கிறது. உதைபந்தாட்டத்துக்கென்றே கொழும்பில் ஒரு தேசிய அரங்கு அமைய வேண்டும் என்ற யோசனையில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால், தேயிலை மலையின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் தோட்ட மைதானத்தில் கம்புகளை நட்டு, பந்து சரிவில் உருண்டு வடிகானுக்குள் விழும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி, ஒருவர் இறங்கி எடுத்துவரும் வரை காத்திருந்து விளையாடும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அரங்கின் கதவு எவ்வாறு திறக்கும்? ஹட்டனிலிருந்து ரயிலேறி வரும் அணிக்குத் தங்குமிடமும், மலையக அணிகள் ஆண்டுதோறும் அங்கே ஆடும் வாய்ப்பும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மழைக்காலத்தில் சேறாகாதபடி முறையான வடிகாலுடன் நுவரெலியா மாவட்டத்திலும் ஒரு பயிற்சித் திடலை விளையாட்டுத்துறை அமைச்சு அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.