மகேந்திரகிரியில் நடப்பதைத் தமிழிலும் சொல்லுங்கள்: இஸ்ரோவுக்கு ஒரு திறந்த மடல்

மகேந்திரகிரி இஸ்ரோ உந்தும வளாகத்தின் இயக்குநருக்கும் அங்கே பணியாற்றும் விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் பணகுடி பக்கம் வரும்போது மேற்கே தெரியும் மலையை எங்களுக்கெல்லாம் தெரியும். அங்கே ராக்கெட் என்ஜின் சோதிக்கிறார்கள் என்பதும் தெரியும். அதற்கு மேல் யாரைக் கேட்டாலும் "உள்ளே விடமாட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விடக்கூடாதுதான். திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு என்ன வேலை? நான் கேட்க வந்தது வேறு. உள்ளே செய்யும் சோதனைகளை, நடுவில் நின்றுபோனவற்றையும் சேர்த்து, எங்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள்.

இப்போது எங்களுக்கு வந்து சேர்வது ஒரே மாதிரியான பெட்டிச் செய்தி. கிரையோஜெனிக் என்ஜின் சோதனை, இத்தனை விநாடி, வெற்றி, விஞ்ஞானிகள் மகிழ்ச்சி. (கிரையோஜெனிக் என்றால், கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் என்ஜின்.) 2023 பிப்ரவரி 24 அன்று, சந்திரயான்-3ஐச் சுமந்து செல்லவிருந்த எல்விஎம்-3 ராக்கெட்டின் சிஇ-20 என்ற கிரையோஜெனிக் என்ஜினை 25 விநாடி எரித்துப் பார்த்தீர்கள். பேப்பரில் அதைப் படித்த என் சித்தப்பா, "ஏல, இருவத்தஞ்சு செகண்டு ஓடுனதுக்கா இதைப் போட்டிருக்கான்? இதை வச்சு நிலாவுக்கு எப்படில போவான்?" என்று கேட்டார். கிண்டல்தான், ஆனால் நியாயமான கேள்வி. பறக்கும்போது அந்த என்ஜின் பத்து நிமிடத்துக்கும் மேல் எரிய வேண்டும். அப்புறம் ஏன் 25 விநாடி?

இந்த வடிவமைப்பு தாங்குமா என்பதை நீண்ட நேரம் எரித்துப் பார்க்கும் தகுதிச் சோதனைகள் தனி. இது, பறக்கப்போகிற அதே என்ஜின் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ஏற்புச் சோதனை. அதற்குச் சில விநாடிகள் போதும். இந்த நாலு வரியை அந்த அறிக்கையோடு தமிழில் சேர்த்திருந்தால் சித்தப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருந்திருக்காது. மனிதர்களைச் சுமக்க சிஇ-20 தகுதி பெற்றதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தபோது, நாலு என்ஜின்களில் 39 சோதனைகள், மொத்தம் 8,810 விநாடி என்று கணக்குக் கொடுத்தீர்கள். குறைந்தபட்சத் தேவை 6,350 விநாடிதான். எத்தனை பேருக்கு இது போய்ச் சேர்ந்தது?

சோதனை என்றால் என்ன என்பதற்கு உங்கள் வளாகத்திலேயே நல்ல கதைகள் இருக்கின்றன. 2010 ஏப்ரலில் நம் சொந்த கிரையோஜெனிக் என்ஜினோடு கிளம்பிய ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் கடலில் விழுந்தது. திரவ ஹைட்ரஜனைத் தள்ளிக்கொடுக்கும் துணைப் பம்பு நின்றுபோனதுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அதன்பிறகு மகேந்திரகிரியில், வானத்தின் உயரத்தில் இருப்பதுபோல் காற்றை வெளியேற்றிய கூடத்துக்குள் என்ஜினைப் பற்றவைத்துப் பார்த்தீர்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 வென்றது. ஸ்ரீஹரிகோட்டாவில் கைதட்டியதை டிவியில் பார்த்தோம். அதற்கு முந்தைய வருடங்களில் மலையடிவாரத்தில் நடந்தது எங்கள் கண்ணில் படவே இல்லை.

2024 நவம்பர் 29 சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சிஇ-20 என்ஜினின் நாசில், அதாவது எரிந்த வாயு வெளியேறும் புனல், வெற்றிடத்துக்காகச் செய்யப்பட்டது; வாய் மிகவும் அகலம். அதிலிருந்து வெளியேறும் வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. தரைமட்டத்தில் எரித்தால் வெளிக்காற்று உள்ளே நெருக்கும், வாயு நாசிலின் சுவரை விட்டு விலகும், நாசில் கடுமையாக அதிரும், விலகுகிற இடத்தில் சூடும் சேர்ந்துகொண்டு அதைச் சேதப்படுத்திவிடும். அதற்குப் பயந்து ஒவ்வொரு முறையும் வெற்றிடக் கூடத்துக்கே போனால் செலவும் அதிகம், சிக்கலும் அதிகம். நீங்கள் நாசிலுக்கு ஒரு பாதுகாப்பு அமைப்பைப் பொருத்தித் தரைமட்டத்திலேயே எரித்துக் காட்டினீர்கள். பிளஸ் டூ இயற்பியல் மாணவர் ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? உங்கள் அறிக்கை ஆங்கிலத்தில் நன்றாகவே இருந்தது. தமிழுக்கு வந்தபோது 'சோதனை வெற்றி' என்பது மட்டும் மிஞ்சியது.

சரி, தோற்றவற்றுக்கு வருகிறேன். 2023 ஜூலை 1 அன்று, 2,000 கிலோநியூட்டன் உந்துவிசை தரும் செமி-கிரையோஜெனிக் என்ஜினின் (ஹைட்ரஜனுக்குப் பதில் மண்ணெண்ணெயைத் திரவ ஆக்சிஜனோடு எரிப்பது) முக்கியப் பகுதிகளை ஒன்றுசேர்த்து முதல்முறை எரித்தபோது 4.5 விநாடி திட்டமிட்டிருந்தீர்கள். 1.9 விநாடி வரை எல்லாம் எதிர்பார்த்தபடியே போனது. அடுத்த கணம், பம்புகளைச் சுழற்றும் டர்பைனில் அழுத்தம் திடீரென எகிறி அதன் வேகம் விழுந்ததால் நிறுத்திவிட்டீர்கள். இதை நீங்களே வெளிப்படையாக அறிவித்தீர்கள், அதற்கு என் மரியாதை. 2025 மார்ச் 28 அன்று அதே வகைச் சோதனை 2.5 விநாடிக்கு நன்றாக நடந்தது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் என்ன கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை. ரகசியமானவற்றை விட்டுவிடுங்கள். மிச்சமே நிறைய இருக்கும்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. நிலவிலிருந்து மண் எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது, மதிப்பீடு 2,104.06 கோடி ரூபாய். இரண்டு எல்விஎம்-3 ராக்கெட்டுகள், விண்வெளியிலேயே இணைப்பு, கடைசியில் நிலவின் தரையிலிருந்து மேலே கிளம்பும் ஒரு கலம். அங்கே என்ஜின் பற்றாவிட்டால் பக்கத்தில் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. எல்லாச் சந்தேகங்களையும் பூமியிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்குவது இலக்கு என்றால், அடுத்த பதினைந்து வருடம் ஓயாமல் சோதனைதான்.

ஒவ்வொரு சோதனைக்கும் தமிழில் ஒரு பக்கம் போதும்: எதைப் பார்த்தோம், ஏன் இத்தனை விநாடி, என்ன தெரிந்தது. நடுவில் நின்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு பக்கம். எழுத ஆள் தேட வேண்டாம். உங்கள் வளாகத்திலேயே தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அப்புறம், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதலைப் பார்க்கப் பொதுமக்களுக்கு மாடம் கட்டியிருக்கிறீர்கள். குலசேகரப்பட்டினத்து ஏவுதளத்திலும் கட்டுவீர்கள் என்று நம்புகிறேன். அதே கையோடு காவல்கிணறு பக்கம், பாதுகாப்பு வேலிக்கு வெளியே, ஒரு சின்னக் கூடம் வையுங்கள். சோதித்து ஓய்ந்த என்ஜின் ஒன்றைக் குறுக்கே வெட்டி வைத்து, சோதனைக் காணொளிகளை ஓடவிட்டால் போதும். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகும் பள்ளி பஸ்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன.

இஸ்ரோ தலைவர் நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர், கிரையோஜெனிக் துறையிலேயே நெடுங்காலம் உழைத்தவர். இந்த மடல் அவர் பார்வைக்கும் போனால் மகிழ்ச்சி. கூடம் கட்ட நிதி, நிலம், அனுமதி என்று நாளாகும், தெரியும். தமிழ்ப் பக்கத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. அடுத்த செமி-கிரையோஜெனிக் சோதனையிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
வள்ளியூர்ப் பக்கத்து வாசகன்