புதன்கிழமைப் படம்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 20, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் காகிதம் எடுத்தேன். காகிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது அல்லவா.

ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம் இருந்தாலும் காற்று மொத்தமும் நம் திண்ணை வழியாகத்தான் போகிறது என்று அம்மா சொல்கிறாள். மணக்கடவில் தமிழ்நாடு நம் கேரளத்துக்கு வருடத்துக்கு அளந்துவிட வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரைப் பற்றி டீக்கடையில் வழக்கமான சண்டை. வேறு விசேஷம் இல்லை.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். இங்கிலாந்தில் கேன் ஹில் என்றாய். கால்வாய் ஏறும் மேட்டில் 29 மதகுகள், அதில் 16 ஒரே வரிசையில், படகு படிப்படியாக ஏறிப் போகிறது. பக்கத்தில் உன் சைக்கிள், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை. குதிரை படகை இழுத்துக்கொண்டு நடந்த கால்வாய்க் கரையில் இன்று கார் பயமில்லாமல் சைக்கிள் போகிறது என்று நீ சொன்னதை டீக்கடையில் சொன்னேன். "நம் வாய்க்கால் கரையிலும்தான் கார் வராது, வந்தால் திரும்ப இடமில்லை" என்றார்கள். நம் ஊர்ப் பெருமை அவ்வளவுதான். எனக்கோ பெருமையாகத்தான் இருந்தது. நம் வகையறாவில் எந்தப் பெண் தனியாக, பையைக் கட்டிக்கொண்டு, தெரியாத ஊர்களில் சைக்கிள் மிதித்தாள்?

படம் வந்தது புதன்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு. உனக்கு அங்கே காலை பதினொன்று. ஏதாவது பண்டிகை விடுமுறையாக இருக்கும்.

அதற்கு முந்தைய வாரம் பிட்டன் ஸ்டேஷன் படம். பிரிஸ்டலிலிருந்து பாத் வரை 21 கிலோமீட்டர், ரயில் நின்றுபோன தடத்தில் 1979 முதல் 1986 வரை தொண்டர்கள் கூடிப் போட்ட பாதை என்று எழுதியிருந்தாய். ரயில் போன வழி என்பதால் மூச்சு வாங்கும் மேடு இருக்காது, அது நல்லது. அந்தப் படம் திங்கட்கிழமை வந்தது.

பாத் பக்கத்துச் சுரங்கத்தில் மட்டும் தனியாகப் போகாதே. ஒரு மைலுக்கு மேல் நீளம், உள்ளே பாட்டு வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பாட்டு இருந்தால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடுமா? முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் வைத்துக்கொள். மழையில் பிரேக் பிடிக்காது. காற்றைப் பார்த்துவிட்டு ஏறு. நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். மாமா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேன் ஹில்லுக்கு லீவு கிடைத்திருக்கிறது. சரி, அதை விடு.

இதை எழுத நினைத்து உட்காரவில்லை. ஆனால் எழுதிவிடுகிறேன். 2009இல் மில்லை மூடினார்களே, நீ ப்ளஸ் ஒன் படித்தபோது. உங்களுக்குத் தெரிந்தது ஆவணியில். மூடியது ஆனி முதல் வாரம். நடுவில் இரண்டு மாதம் நான் தினமும் காலை ஏழு மணிக்குத் தூக்குப்போசியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தார்ரோட்டில் போனால் யாராவது "இன்று ஷிப்ட் இல்லையா" என்பார்கள். அதனால் வாய்க்கால் கரை வழியாக மூலத்தறை, அங்கிருந்து மாந்தோப்பு ஓரத்து வண்டித்தடத்தில் முதலமடை. வண்டி வராத வழி என்று நீ இப்போது தேடித் தேடிப் போகிறாயே, நம் பக்கத்தில் அப்படிப்பட்ட வழி அத்தனையும் அப்போது எனக்கு மனப்பாடம். ஆடு மேய்ப்பவர்களைத் தவிர ஆள் இருக்காது.

முதலமடை ஸ்டேஷனிலும் ரயில் இல்லாத காலம் அது. 2008இல் மீட்டர் கேஜை நிறுத்தியவர்கள் 2015இல்தான் அகலப்பாதையில் மறுபடி விட்டார்கள். பிளாட்பாரத்து ஆலமரத்தடியில் போசியைத் திறந்து சாப்பிடுவேன். போகும்போது காற்று எதிரே நிற்கும், பெடல் நகராது. வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும், வீடு சீக்கிரம் வந்துவிடும். அதுதான் சிரமமாக இருந்தது.

உன் பச்சை சைக்கிளை யாரும் திருடவில்லை, அம்மிணி. நீ காய்ச்சலில் படுத்திருந்த வாரம் பொள்ளாச்சிச் சந்தை நாளில் ஓட்டிப்போய் 900 ரூபாய்க்கு விற்றேன். உன் டியூஷன் பணம் அதிலிருந்து கட்டியதுதான். எல்லோரும் தையற்காரர் மகனைச் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். அவன் அப்பா அவனை வாசலில் வைத்து அடித்தபோது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் நீ பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தாய். அவன் இப்போது நம் பக்கத்துச் சித்தூரில் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் எழுந்து நின்று நாற்காலி போடுகிறான். அந்தத் தெருவை நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.

உன் அம்மாவுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டதாம், மில் விஷயம். துவைக்கும்போது சட்டையில் பஞ்சு இல்லை. இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. போன வாரம் உன் படத்தைக் காட்டியபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன கிழமை வந்தது?" என்று கேட்டாள். புதன் என்றேன். அப்போதுதான் அந்தப் பஞ்சுக் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு மாவரைக்கப் போய்விட்டாள். சைக்கிள் விஷயம் அவளுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. அமுச்சி பங்கில் வந்த மாமரங்களின் குத்தகைப் பணம் போஸ்ட் ஆபீஸில் கிடக்கிறது. எங்களுக்கு அதில் இப்போது செலவில்லை. உன் அறை வெள்ளையடித்துச் சுத்தமாக இருக்கிறது. சுரங்கத்துக்குள் போனால் பின்விளக்கை மறக்காதே.

மூன்று மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். பதில் எழுதினால் தேதியோடு கிழமையையும் போடு.

உன் அப்பா