மருந்தும் நிறமாலையும்: இராப்போசன உரைச் செய்தியில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்கட்கு,

இங்குள்ள விஞ்ஞானச் சங்கமொன்றின் இராப்போசனக் கூட்டத்தில், மருந்து ஆய்வில் நிறமாலையியலின் (கதிரைப் பாய்ச்சிப் பொருள் எதை உறிஞ்சுகிறது, சிதறடிக்கிறது என்று பார்த்து அதை இனங்காணும் முறையின்) பயன் பற்றி நிகழ்ந்த உரையைத் தங்கள் பத்திரிகை விரிவாக வெளியிட்டிருந்தது. அறிவியல் உரை ஒன்றுக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் ஒளியைப் பாய்ச்சினால் குளிசை அசலா போலியா என்று கருவியே சொல்லிவிடும் என்ற வரி தடித்த எழுத்தில் வந்துவிட்டது. 2023 இல் இலங்கையில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்து பற்றிய செய்திகளுக்குப் பிறகு, மருந்தின் தரத்தை நினைத்து அஞ்சும் மக்கள் நம் நாட்டில் பலர். அவர்களுக்கு இந்த வரி தவறான தெம்பைக் கொடுக்கும். கருவி தருவது ஒரு கோட்டுரு (வரைபு) மட்டுமே. மாதிரியை எப்படித் தயாரித்தோம், எதனோடு ஒப்பிட்டோம், எவ்வளவு சிறிய கலப்படம்வரை அந்த முறையின் கண்ணில் படும் என்பவை தெரிந்தால்தான் அந்தக் கோட்டுருவுக்குப் பொருள் உண்டு.

பரசிற்றமோலையே எடுப்போம். ஆய்வுகூடத்தில் ஐ.ஆர். என்று சொல்லும் செந்நிறக்கீழ் நிறமாலையில் அலையெண் 4000 முதல் 400 வரை (ஒரு சென்ரிமீற்றருக்கு) பார்ப்பார்கள். பரசிற்றமோல் மூலக்கூறில் உள்ள ஏமைட்டு என்ற அணுக்கூட்டத்துக்குரிய வலுவான உறிஞ்சல் பட்டை 1650 ஐ ஒட்டி விழும். அந்த ஒரு பட்டையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏமைட்டு உள்ள எத்தனையோ மருந்துகளுக்கு அங்கே பட்டை உண்டு. 1500 க்குக் கீழேயுள்ள நெருக்கமான பகுதி முழுவதும், அதே கருவியில் அதே முறையில் எடுத்த நியமப் பொருளின் (ஒப்பிடுவதற்கான தூய மாதிரியின்) கோட்டுருவோடு பொருந்த வேண்டும்.

குளிசையை அப்படியே பொடித்துக் கருவியில் வைத்தால் மாப்பொருளும் மற்றக் கூட்டுப்பொருள்களும் சேர்ந்து தெரியும். அதனால் பிரித்தானிய மருந்து நூல் முறைப்படி, 0.5 கிராம் பரசிற்றமோல் அடங்கிய தூளை 20 மில்லிலீற்றர் அசற்றோனில் குலுக்கி, வடித்து, வடிதிரவத்தை உலரும்வரை ஆவியாக்கி, மீதியை 105 பாகை செல்சியசில் உலர்த்த வேண்டும். மாப்பொருள் அசற்றோனில் கரையாது, வடிதாளில் தங்கிவிடும். கிடைக்கும் மீதியில் 1 முதல் 2 மில்லிகிராம் எடுத்து, உலர்ந்த பொட்டாசியம் புரோமைட்டு ஏறத்தாழ 300 மில்லிகிராமுடன் அகேற் கல்வத்தில் அரைத்து, 13 மில்லிமீற்றர் அச்சில் 10 தொன் அளவு விசையில் அழுத்தினால் கண்ணாடிபோலத் தெளிந்த வில்லை கிடைக்கும்.

பிழை நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொட்டாசியம் புரோமைட்டு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் போத்தலைத் திறந்து வைத்தால் போதும், 3400 இலும் 1640 இலும் தண்ணீரின் அகன்ற பட்டைகள் எழும்பும். இரண்டாவது பட்டை பரசிற்றமோலின் 1650 இன் மேலேயே வந்து படிந்து குழப்பும். 110 பாகையில் சில மணிநேரம் உலர்த்தி, உலர்த்திச் சாடியில் வைத்து, வேண்டியபோது மட்டும் எடுப்பதே வழி. அரைப்பது போதாவிட்டால் பெரிய துணிக்கைகள் ஒளியைச் சிதறடித்து அடிக்கோடு சரிந்து நிற்கும். ஐதரோகுளோரைட்டு உப்பாக உள்ள மருந்தைப் புரோமைட்டுடன் அழுத்தினால் குளோரைட்டும் புரோமைட்டும் இடம் மாறிக் கோட்டுருவே மாறக்கூடும். அதற்குப் பொட்டாசியம் குளோரைட்டு வில்லை வேண்டும். இப்போது பல இடங்களில் வைரப் படிகத்தின் மேல் தூளை நேரே அழுத்திப் பார்க்கிறார்கள். வேலை இலகு. ஆனால் கதிர் ஓரிரு மைக்கிரோமீற்றர் ஆழந்தான் இறங்கும், பட்டைகளின் உயரமும் வில்லை முறையிலிருந்து வேறுபடும். வில்லையில் எடுத்த பழைய நியமக் கோட்டுருவை இதற்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஐ.ஆர். சொல்வது "இது பரசிற்றமோல்" என்பதை மட்டுமே. குளிசையில் 500 மில்லிகிராம் இருக்கிறதா என்பதற்குக் கழியூதா (யூ.வி.) ஒளியில் அளக்க வேண்டும். உரையில் இந்தப் பகுதி ஒரு வாக்கியத்தில் கடந்து போனதாகத் தெரிகிறது. நம் ஊர் ஆய்வுகூடங்களில் உடனே செய்யக்கூடியது இதுதான் என்பதால் முழுமையாகத் தருகிறேன்.

இருபது குளிசைகளை நிறுத்துப் பொடியாக்குங்கள். அவை 12 கிராம் நிறுத்தால் ஒன்றின் சராசரி நிறை 600 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மருந்துக்கு 180 மில்லிகிராம் தூள் எடுக்க வேண்டும். அதனுடன் லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 50 மில்லிலீற்றர், தண்ணீர் 100 மில்லிலீற்றர் சேர்த்து 15 நிமிடம் குலுக்கி, கனமானக் குடுவையில் (கனவளவுக் கோடிட்ட குடுவையில்) தண்ணீர் விட்டு 200 மில்லிலீற்றராக்கி வடியுங்கள். வடிதிரவத்தில் 10 மில்லிலீற்றரைத் தண்ணீர் விட்டு 100 ஆக்குங்கள். அதில் 10 மில்லிலீற்றர் எடுத்து, அதே ஐதரொட்சைட்டில் 10 மில்லிலீற்றர் சேர்த்து மறுபடியும் 100 ஆக்குங்கள். 257 நனோமீற்றரில், 1 சென்ரிமீற்றர் கலத்தில் உறிஞ்சலை வாசியுங்கள். நூறு மில்லிலீற்றரில் 1 கிராம் என்ற செறிவுக்கு உறிஞ்சல் 715 என்று கொள்வது வழக்கம். மருந்து முழு அளவில் இருந்தால் வாசிப்பு 0.536 வர வேண்டும். ஏற்கும் எல்லை 95 முதல் 105 சதவீதம், அதாவது 0.509 முதல் 0.563 வரை. 0.48 வந்தால் குளிசையில் பத்தில் ஒரு பங்கு மருந்து குறைவு.

குளிசையைக் குற்றம் சொல்லுமுன் கையைச் சோதிக்க வேண்டும். கடைசிப் படியில் ஐதரொட்சைட்டு விட மறந்தால் உச்சம் 243 ஐ நோக்கி நகர்ந்து 257 இல் வாசிப்பு விழும். நல்ல குளிசையும் தோற்றுவிடும். சாதாரணக் கண்ணாடிக் கலம் இந்த அலைநீளத்தை விழுங்கிவிடும், குவாட்சுக் கலம் கட்டாயம். வடிப்பு சரியில்லாமல் கலங்கல் இருந்தால் ஒளி சிதறி வாசிப்பு கூடும். அப்போது மருந்து குறைந்த குளிசையும் தேறிவிடும். இதுதான் ஆபத்தான பிழை. பரசிற்றமோல் சிதைந்து உண்டாகும் 4-அமினோபீனோலும் கழியூதாவை உறிஞ்சும் என்பதால், சிதைவை அறிய எச்.பி.எல்.சி. போன்ற, கலவையைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டும் நிறப்பகுப்பு முறைக்குத்தான் போக வேண்டும்.

வலிய காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை வாசிக்கும் என்.எம்.ஆர். முறை பற்றிப் பேச்சாளர் வியந்து சொன்னதில் மிகை இல்லை. இரண்டு நிகழ்வுகளையேனும் வாசகர் அறிய வேண்டும். 2007 இன் இறுதியிலும் 2008 இலும் அமெரிக்காவில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி ஏற்றிய நோயாளர் பலர் கடும் ஒவ்வாமைக்கு ஆளாகினர், மரணங்களும் நேர்ந்தன. அந்த மருந்து வழக்கமான இரத்த உறைவுச் சோதனையில் தேறியிருந்தது, ஏனென்றால் அதில் கலந்திருந்த மிகைச் சல்பேற்றிட்ட கொண்ரொயிற்றின் என்ற வேற்றுப்பொருளும் இரத்தம் உறைவதைத் தடுக்கும். என்.எம்.ஆர். கோட்டுருவில் ஹெபாரினின் அசற்றைல் சமிக்ஞை (பிபிஎம் அளவில்) 2.04 இல் நிற்க, அருகே 2.15 இல் இருக்கக் கூடாத ஒன்று தெரிந்தது. மற்றது மருந்தைத் தேடும் வேலை. நைதரசன்-15 ஏற்றிய புரதத்தோடு சிறு மூலக்கூறுகளைக் கலந்து, புரதத்தின் எந்தச் சமிக்ஞைகள் இடம்பெயர்கின்றன என்று பார்த்து, ஒட்டும் துண்டுகளைக் கண்டுபிடிக்கும் முறை 1996 இல் வெளியானது. அந்த வழியில் தொடங்கிய ஆய்வுகளின் தொடர்ச்சியாகவே 2016 இல் வெனற்றோக்கிளக்ஸ் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 400 மெகாஹேட்ஸ் கருவியின் காந்தப் புலம் 9.4 தெஸ்லா. அதன் சுருளை 4 கெல்வினை அண்டிய குளிரில் வைத்திருக்கத் திரவ ஈலியம் இடைவிடாமல் வேண்டும். வாங்கும் செலவோடு வைத்துக் காக்கும் செலவும் தொடரும்.

கரைசலில் எடுக்கும் என்.எம்.ஆருக்கும் தெரியாதவை உண்டு. எச்.ஐ.வி. மருந்தான ரிற்றோனவிர் 1998 இல் எதிர்பாராத இரண்டாவது பளிங்கு வடிவத்தை எடுத்து, மருந்து உறைகளிலிருந்து (கப்சூல்களிலிருந்து) ஒழுங்காகக் கரையாமல் போனது. மூலக்கூறு அதேதான், கரைசலில் எடுத்த கோட்டுருவும் அதேதான். திண்மத்தில் எடுத்த ஐ.ஆர்., எக்ஸ்-கதிர்ப் படங்கள் வேறுபாட்டைக் காட்டும்.

செய்தியில் புகழப்பட்ட கையடக்கக் கருவி ராமன் விளைவில் இயங்குவது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928 பெப்ரவரி 28 இல் கல்கத்தாவில் கண்ட விளைவு அது: பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வரும். கண்ணாடிப் போத்தலுக்கும் பிளாத்திக்கு உறைக்கும் வெளியே நின்று உள்ளிருப்பதைப் பார்க்கலாம் என்பது அதன் பெரும் பலம். ஆனால் அப்படி நிறம் மாறி வருவது சிதறும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவே. நிறப்பூச்சுள்ள குளிசை உடனொளிர்ந்தால் (பாய்ச்சிய ஒளியை வாங்கித் தானே ஒளிவிட்டால்) அந்தச் சமிக்ஞை மூழ்கிப்போகும். 2022 இல் காம்பியாவில் சிறுவர்களைப் பலிகொண்ட பாணிமருந்துகளில் இருந்த டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுப்பொருளை நினைத்துப் பாருங்கள். அதற்கு அனுமதிக்கும் எல்லை 0.10 சதவீதம். அவ்வளவு சிறிய அளவு கையடக்க ராமனுக்கும் தெரியாது, ஐ.ஆருக்கும் தெரியாது. வாயு நிறப்பகுப்பு வேண்டும். கருவி பச்சை விளக்குக் காட்டிய பாணியைக் குழந்தைக்குப் பயமின்றிக் கொடுக்கலாம் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது.

சித்த மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சூரணத்தில் யாரேனும் ஸ்ரெரொயிட் கலந்திருந்தால், கிராமுக்கு அரை மில்லிகிராம் என்பது 0.05 சதவீதம், தாவர நாரின் பட்டைகளுக்குள் அது மறைந்துவிடும். பிரித்தெடுத்து நிறப்பகுப்பில் ஓட்ட வேண்டும். உலோகங்களுக்கு அணு உறிஞ்சல் முறை உண்டு: ஈயம் 283.3, கட்மியம் 228.8, இரசம் 253.7 நனோமீற்றர். மூலிகைப் பொருளில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிராம், கட்மியத்துக்கு 0.3. மாதிரியைத் திறந்த பாத்திரத்தில் அமிலத்தோடு கொதிக்கவைத்தால் இரசம் ஆவியாகிப் போய், இருப்பதை இல்லையென்று காட்டிவிடும். மூடிய கலத்தில்தான் கரைக்க வேண்டும்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த உரையை இராப்போசனத்தோடு நிறுத்தாமல், ஒரு சனிக்கிழமை பகலில் ஆய்வுகூடமொன்றில் நடத்துங்கள். மருந்தகங்களில் வேலை செய்வோரையும் உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்களையும் அழையுங்கள். மேலே சொன்ன பரசிற்றமோல் அளவீட்டை அவர்களே தம் கையால் செய்யட்டும். வேண்டியவை இருபது குளிசைகள், தராசு, கனமானக் குடுவைகள், குவாட்சுக் கலம் இரண்டு, கழியூதா நிறமாலைமானி ஒன்று. அரை நாள் போதும்.

தாங்களும் இத்தகைய செய்திகளில், எந்த முறை, அது எந்த அளவுவரை கண்டுபிடிக்கும் என்ற இரண்டு வரிகளைச் சேர்த்து வெளியிட வேண்டும். மருந்தில் ஐயம் கொள்ளும் வாசகர்கள் குளிசைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் தெரியும்படி அப்படியே வைத்திருந்து மருந்தாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அதனோடு போடலாம். தளர்வாகக் கடதாசியில் சுற்றிவரும் ஐந்தாறு குளிசைகளை வைத்து எந்த ஆய்வுகூடமும் முறையான அறிக்கை எழுத முடியாது.

இப்படிக்கு,
மருந்துப் பகுப்பாய்வாளர் ஒருவர்,
கொக்குவில்.