பாம்புக்கு தெரு எலி வேணாம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். எங்க எதிர் ஃபிளாட் பையன் பால் பைத்தான்ங்கிற வெளிநாட்டு மலைப்பாம்பு வளக்கிறான், அதுக்கு பேப்பரெல்லாம் பக்காவா வெச்சிருக்கான், அது வேற விஷயம். போன வாரம் மளிகைக்கடை எலிக்கூண்டுல மாட்டுன எலிய பாம்புக்குப் போட கூண்டோட அப்படியே தூக்கிட்டு வர்றான், கூண்டு அடியில மூத்திரம் சொட்டுது, இவன் வெறுங்கால்ல லிஃப்ட்ல நிக்கிறான்! கால்ல சின்ன வெட்டுக்காயம் இருந்தாலே போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ள போயிடும்.

கடைக்காரர் எலி கேக்கும் வெச்சிருந்தாராம். அதுல இருக்கிற புரோமாடியோலோன்ங்கிற எலி விஷத்த தின்ன எலி உடனே சாகாது, சில நாள் ஓடிட்டேதான் இருக்கும், அத முழுங்குனா விஷம் பாம்புக்கும் போகும், ஃப்ரீசர்ல போட்டு எடுத்தாலும் அந்த விஷம் போகாது. பாம்புக்குன்னே வளத்து உறைய வெச்சு விக்கிற எலிய வாங்குடான்னேன், ஃப்ரிட்ஜ்ல எலியான்னு அவங்கம்மா என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க.

- ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை